செலவு இவ்வளவு, தேதி இது: ராணுவக் கொள்முதலில் இலக்கை யார், எப்போது வைப்பது?

வாசகர் கேள்வி, 27 நவம்பர் 2025

அமெரிக்கக் கடற்படை கான்ஸ்டலேஷன் ரகப் போர்க்கப்பல் திட்டத்தை இரண்டு கப்பலோடு நிறுத்திவிட்டது. மீதி நான்கும் ரத்து. எஃப்-35 போர் விமானம், சென்டினல் ஏவுகணை, ஃபோர்ட் விமானந்தாங்கிக் கப்பல் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். திட்டம் தொடங்கும் நாளிலேயே “இத்தனை டாலர், இந்தத் தேதி” என்று சட்டத்தில் எழுதிவிட வேண்டும், தாண்டினால் ரத்து என்கிறேன். இதைச் செய்ய என்ன தடை?

27 நவம்பர், இரவு

தடையே இல்லை. ஏற்கெனவே எழுதியாயிற்று. 2016 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தின் 807ஆம் பிரிவைப் பாருங்கள். பெரிய கொள்முதல் திட்டம் எதுவானாலும், உருவாக்கத்துக்குப் பணம் இறங்குமுன் செலவுக்கும், களத்துக்கு வரும் தேதிக்கும், செயல்திறனுக்கும் இலக்கு வைத்தாக வேண்டும் என்கிறது. “பெரிய” என்பதற்கும் வரையறை உண்டு: 2020ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் ஆராய்ச்சிக்கு 52.5 கோடி, அல்லது கொள்முதலுக்கு 306.5 கோடியைத் தாண்டுவது. செலவைத் தனியாகக் கணக்குப் போடப் பென்டகனுக்குள் ஒரு குழு 1972 முதலே இருக்கிறது. 2009இல் அதைச் செலவு மதிப்பீட்டு இயக்ககமாக உயர்த்தி, படைப் பிரிவுகளின் கணக்கை நம்பாமல் சொந்தமாகப் போட்டுப் பார்க்கும் அதிகாரமும் கொடுத்தார்கள்.

ஆக, சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. ஆனாலும் நிற்கவில்லை. என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை முதலில் முடித்துவிடுகிறார்கள். பிறகு அந்தப் பட்டியலுக்கு ஒரு விலை போட்டு அதற்கு இலக்கு என்று பெயர் வைக்கிறார்கள். பட்டியலிலிருந்து ஒரு வரியை வெட்டும் அதிகாரம் அந்த எண்ணுக்கு இல்லையென்றால் அதை இலக்கு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வெறும் கூட்டல் கணக்கு.

28 நவம்பர், காலை

“தாண்டினால் ரத்து” என்பதும் ஏட்டில் இருக்கிறது. செனட்டர் சாம் நன், பிரதிநிதி டேவ் மெக்கர்டி இருவரும் 1982இல் கொண்டுவந்த நன்-மெக்கர்டி ஏற்பாடு. ஒரு விமானமோ கப்பலோ ஏவுகணையோ, அது ஒன்றுக்கு ஆகும் செலவு நடப்பு பேஸ்லைனைவிட (திட்டத்துக்கு எழுதி ஒப்புதல் பெற்ற செலவு, தேதிக் கணக்கைவிட) 15% ஏறினால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குச் சொல்ல வேண்டும். 25% ஏறினால் அது மோசமான மீறல். 2009 சீர்திருத்தத்துக்குப் பிறகு மோசமான மீறல் என்றால் திட்டம் ரத்து என்பதுதான் சட்டத்தின் இயல்பு நிலை. தொடர வேண்டுமானால் பாதுகாப்புச் செயலர் கையெழுத்துப் போட்டுச் சான்று தர வேண்டும்: நாட்டின் பாதுகாப்புக்கு இது இன்றியமையாதது, குறைந்த செலவில் வேறு வழி இல்லை, புதிய மதிப்பீடு நியாயமானது, இதற்காகப் பணம் பறிபோகும் மற்ற திட்டங்களைவிட இது முக்கியம், நிர்வாகம் இனி செலவைக் கட்டுக்குள் வைக்கும்.

நடைமுறையில் சான்று பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. கிடைக்காமல் போனதும் உண்டு. 2008இல் ராணுவத்தின் ஏஆர்ஹெச்-70 உளவு ஹெலிகாப்டர் அப்படித்தான் ரத்தானது. 2009இல் அதிபருக்கான விஹெச்-71 ஹெலிகாப்டரும் செலவு இரட்டிப்பாகும் நிலைக்குப் போனபின் கைவிடப்பட்டது. ஆனால் அணு ஏவுகணை, நீர்மூழ்கி என்று வரும்போது “வேறு வழி இல்லை” என்ற வரியில் எந்தச் செயலரும் கையெழுத்திடுவார். ரத்து என்ற மிரட்டல், ரத்து செய்யக்கூடிய பொருளிடம்தான் பலிக்கும்.

28 நவம்பர், மதியம்

பேஸ்லைனையே மாற்றிவிட்டால் மீறல் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். செலவு ஏறும், பேஸ்லைனைத் திருத்துவார்கள், சதவீதம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2006 நிதியாண்டுச் சட்டத்தில்தான் முதன்முதலில் வைத்த பேஸ்லைனோடும் ஒப்பிட வேண்டும் என்று சேர்த்தார்கள். அதற்கு 30%, 50% என்று தனி வரம்பு. சாதாரணத் திருத்தங்களால் முதல் எண் அழியாது.

28 நவம்பர், இரவு

கட்டுமானச் செலவு ஏறியதற்குச் சும்வால்ட் நாசகாரிக் கப்பலை இங்கே உதாரணம் காட்டியவருக்கு ஒரு திருத்தம். 2010இல் அது நன்-மெக்கர்டி வரம்பைத் தாண்டியதற்கு முக்கியக் காரணம் அந்த ஆண்டு கட்டுமானச் செலவு ஏறியது இல்லை. பேஸ்லைனில் பத்துக் கப்பல் என்று இருந்தது மூன்றாகக் குறைந்தது. (அதற்கும் முன்பு 32 என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.) ஆராய்ச்சிக்குச் செலவான பணம் முழுவதும் மூன்று தலையில் விழுந்தால் ஒன்றுக்கான செலவு எகிறத்தானே செய்யும்?

இதில் இன்னொரு கொடுமை: அதன் பீரங்கிக்கென்றே தனியாகச் செய்த குண்டு. கப்பல் குறைந்ததும் குண்டுத் தேவையும் குறைந்தது, ஒரு குண்டு சுமார் 8 லட்சம் டாலர் என்ற நிலைக்குப் போனது. 2016இல் குண்டு வாங்குவதைக் கைவிட்டார்கள். பீரங்கி கப்பலில் இருந்தது, சுடக் குண்டு இல்லை. எண்ணிக்கை குறையும்போது விலை இலக்கு என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எழுதாத திட்டம் எதுவும் என் கண்ணுக்கு முழுமையான திட்டமாகப் படுவதில்லை.

30 நவம்பர்

என் அனுபவத்தையும் சொல்கிறேன், இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். நான் ராணுவத் துறையில் இருந்ததில்லை. கனரகப் பொறியியல் திட்டங்களுக்கு எஸ்டிமேட் போடுவதும் ஷெட்யூல் போடுவதும்தான் வேலை. ஒரு பெரிய திட்டத்தில் நாங்கள் போட்ட மொத்தத் தொகை மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. எந்த வேலையைக் குறைக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. எதிர்பாராச் செலவு என்ற ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னார்கள். “ஒப்புதல் வாங்கிவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். அடித்ததும் தொகை அழகாக வரம்புக்குள் வந்தது, எல்லோரும் கையெழுத்திட்டார்கள். மண்ணுக்கடியில் பழைய குழாய்கள் இருந்தன. பழைய வரைபடத்தில் ஓரிடத்தில் காட்டியது தோண்டும்போது வேறிடத்தில் வந்தது. பிறகு கேட்ட கூடுதல் தொகை, அன்று அடித்த வரியைவிடப் பெரியது.

அந்தக் கையெழுத்துக் கூட்டத்தில் இருந்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. திட்டம் தொடங்கிவிட்டால் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். குறைந்த எண் கதவைத் திறக்கும், உண்மையான எண் கதவை மூடும். ஐம்பது திட்டங்கள் ஒரே பணத்துக்குப் போட்டி போடும் இடத்தில் எந்த எண் மேலே போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

30 நவம்பர், சற்று நேரம் கழித்து

“குழாய்” என்று எழுதியதும் சென்டினல் நினைவுக்கு வந்தது, அதையும் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

மினிட்மேன்-3 அணு ஏவுகணைகளுக்கு மாற்றாக வருவது. 2020 செப்டம்பரில் பேஸ்லைன் வைத்தார்கள். 2024 ஜனவரியில் ஒன்றுக்கான செலவு 11.8 கோடி டாலரிலிருந்து 16.2 கோடிக்கு, அதாவது குறைந்தது 37%, ஏறிவிட்டதாக அறிவித்தார்கள். ஜூலையில் பென்டகன் தானே கணக்குப் போட்டபோது மொத்தம் 14,090 கோடி டாலர் என்று வந்தது, பேஸ்லைனைவிட 81% அதிகம். பென்டகன் சான்று கொடுத்தது, திட்டம் தொடர்கிறது, பழைய ஒப்புதல் மட்டும் திரும்பப் பெறப்பட்டது.

எது ஏறியது என்பதைக் கவனியுங்கள். ஏவுகணை இல்லை. தரைக்கு அடியில் இருக்கும் 450 ஏவுகுழிகள், கட்டுப்பாட்டு மையங்கள், அவற்றை இணைக்கும் ஆயிரக்கணக்கான மைல் கேபிள் ஆகியவைதான். பழைய குழிகளைப் புதுப்பித்துப் பயன்படுத்தலாம் என்பது ஆரம்ப அனுமானம். 2025இல் பெரும்பாலும் புதிய குழிகளே தோண்ட வேண்டும் என்று விமானப்படை சொல்லிவிட்டது. எல்லோர் கண்ணும் ராக்கெட் மேல் இருந்தது, பணம் முழுக்கக் கான்கிரீட்டில் கிடந்தது. இலக்கு வைத்தபோது அந்தக் கான்கிரீட்டுக்கு டிசைனே முடிந்திருக்கவில்லை. டிசைன் இல்லாத பொருளுக்கு விலை எழுதினால் அது ஆசை எழுதியது போலத்தான்.

1 டிசம்பர்

“அப்படியானால் உருப்பட்ட உதாரணமே கிடையாதா?” என்று கேட்டவருக்கு: உண்டு. இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை.

முதலாவது ஜேடேம். சாதாரணக் குண்டின் வாலில் மாட்டி அதை ஜிபிஎஸ் வழிகாட்டும் குண்டாக மாற்றும் கருவி. 1991 வளைகுடாப் போரில் மேகமும் புகையும் லேசர் குண்டுகளைத் திணறடித்தன, அதன் விளைவாக வந்தது. விமானப்படைத் தளபதியாக இருந்த மெரில் மெக்பீக் ஒன்றுக்கு 40,000 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று நின்றார். அன்றைய கணிப்பு அதற்கு மேல் இருந்தது. அந்த எண்ணை எட்டுவதற்காக என்ன செய்தார்கள் தெரியுமா? மாற்றவே முடியாத நிபந்தனைகளைக் கைவிரல்களுக்குள் அடக்கினார்கள்: குறி தவறும் தூரம் 13 மீட்டருக்குள், விமானந்தாங்கியில் வைத்துப் பயன்படுத்தத் தகுதி, எந்தெந்தக் குண்டோடும் விமானத்தோடும் பொருந்த வேண்டும் என்பது போன்றவை. விலையும் அந்தச் சின்னப் பட்டியலில் ஒன்று. மற்றதெல்லாம் பேரத்துக்குரியது. நூறு பக்கத்துக்கு மேல் இருந்த வேலை விவரம் இரண்டே பக்கமானது. எப்படிச் செய்வது என்று சொல்வதை நிறுத்திவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். நிறுவனங்கள் சந்தையில் கிடைக்கும் மின்னணுப் பாகங்களை வைத்து வடிவமைத்தன. 1995இல் தேர்வான நிறுவனம் கொடுத்த விலை 18,000 டாலர் அளவில் இருந்தது. 40,000 என்று தொடங்கியது பாதிக்கும் கீழே வந்து நின்றது! 1999இல் கொசோவோ போரில் அது குறியைத் தொடவும் செய்தது.

இங்கே 40,000 என்ற எண்ணை யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அந்த விலைக்கு மேல் போனால் ஆயிரக்கணக்கில் வாங்க முடியாது, ஆயிரக்கணக்கில் இல்லாவிட்டால் அந்தக் கருவியால் பயனில்லை என்ற முடிவு முதலில் வந்தது, எண் அதிலிருந்து பிறந்தது.

1 டிசம்பர், இரவு

இரண்டாவது வர்ஜீனியா ரக நீர்மூழ்கி. 2005இல் கடற்படைத் தலைமைத் தளபதி மைக் மல்லன் வைத்த இலக்கு: 2005ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் ஒன்று 200 கோடிக்கு வந்தால்தான் 2012 முதல் ஆண்டுக்கு இரண்டு வாங்குவோம். அப்போதைய விலையில் 40 கோடி குறைய வேண்டும். ஏறக்குறைய பாதியை ஆண்டுக்கு இரண்டு வாங்குவதும் பல ஆண்டு ஒப்பந்தமுமே கொடுத்துவிடும். மீதியை டிசைனிலும், கட்டும் காலத்தை 60 மாதமாகச் சுருக்குவதிலும் தேட வேண்டும்.

தேடினார்கள். மூக்குப் பகுதியை முழுவதும் மாற்றி வரைந்தார்கள். கோள வடிவ சோனாருக்கு (ஒலியால் இலக்கைத் தேடும் கருவி) பதில் குதிரைலாட வடிவ வரிசை வந்தது. பன்னிரண்டு தனித்தனி ஏவுகுழாய்க்குப் பதில் இரண்டு பெரிய குழாய், ஒவ்வொன்றிலும் ஆறு ஏவுகணை. அதே பன்னிரண்டுதான், ஆனால் கட்டுவது எளிது, விலையும் குறைவு. 2008 டிசம்பரில் எட்டுக் கப்பலுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு இரண்டு என்பது சொன்னதற்கு ஓராண்டு முன்பே, 2011இல் தொடங்கியது.

எஸ்டிமேட் போடும் எவருக்கும் இது கனவு வேலை. விலை இலக்கு டிசைன் மேசையில் உட்கார்ந்து பென்சிலைப் பிடித்த இடம் இது. கப்பல் கட்டும் தொழிலாளி சொன்ன யோசனைக்கும் மதிப்பு இருந்தது, ஏனென்றால் 40 கோடி எங்கிருந்து வரும் என்று எல்லோருக்கும் ஒரே கேள்வி.

2 டிசம்பர்

விலையை ஒப்பந்தத்திலேயே கட்டிப் போட்டால் போதுமே, நட்டம் நிறுவனத்துக்கு, அரசுக்கு என்ன என்கிறார் ஒருவர். மூன்று உதாரணம் தருகிறேன், மூன்றும் வலித்தவை.

1965இல் சி-5ஏ சரக்கு விமானம். உருவாக்கம், உற்பத்தி, உதிரிப் பாகம் எல்லாம் ஒரே மொத்த ஒப்பந்தம். செலவு சுமார் 200 கோடி டாலர் ஏறியது. அதைக் கட்டிய லாக்ஹீட் நிறுவனம் தள்ளாடி, 1971இல் அரசே 25 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க நேர்ந்தது.

1988இல் ஏ-12 கடற்படைத் தாக்கு விமானம். அதுவரை எவரும் செய்யாத வடிவம், ஆனால் உச்சவரம்பு போட்ட விலை ஒப்பந்தம். 1991 ஜனவரி 7 அன்று பாதுகாப்புச் செயலர் டிக் செனி ரத்து செய்தார். இன்னும் எவ்வளவு ஆகும் என்று தனக்கு எவராலும் சொல்ல முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. வழக்கு 2014 வரை ஓடியது.

2011இல் கேசி-46 எரிபொருள் நிரப்பும் விமானம். உருவாக்கத்துக்கு அரசின் பொறுப்பு 490 கோடி டாலரோடு முடிந்தது, அதில் அரசு ஜெயித்தது. போயிங்குக்கு 700 கோடி டாலருக்கு மேல் நட்டம். ஆனால் 2017 ஆகஸ்டில் பதினெட்டு விமானம் தயாராக இருக்க வேண்டியது. முதல் விமானம் வந்தது 2019 ஜனவரியில். எரிபொருள் குழாயை இயக்குபவர் பார்க்கும் கேமரா அமைப்பை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பணத்தை ஒப்பந்தத்தில் கட்டலாம், பொறியியலைக் கட்ட முடியாது. தெரியாத வேலைக்கு விலை பூட்டினால் அது தேதியிலோ தரத்திலோ போய் வெடிக்கும். ஐந்தாறு முறை செய்து பழகிய பொருளுக்கு அதே ஒப்பந்தம் மிக நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

2 டிசம்பர், இரவு

சட்டத்திலேயே எண் எழுதியதற்கும் உதாரணம் இருக்கிறது. ஃபோர்ட் விமானந்தாங்கிக்கு 2007 நிதியாண்டுச் சட்டத்தில் காங்கிரஸ் 1,050 கோடி டாலர் உச்சவரம்பு வைத்தது. பிறகு அதே காங்கிரஸ் அதைச் சுமார் 1,290 கோடிக்கு உயர்த்தியது. கடைசியில் ஆனது சுமார் 1,330 கோடி. பாதிக் கப்பலை வைத்துக்கொண்டு வரம்பைத் தாண்டியதற்காக எவர் நிறுத்துவார்?

இன்னும் மோசமானது, கப்பலைப் பெற்றுக்கொண்ட பிறகு செய்யலாம் என்று சில வேலைகளைத் தள்ளி வைத்தது. 2017 மே 31 அன்று கப்பல் ஒப்படைக்கப்பட்டபோது வெடிகுண்டுகளை மேலே ஏற்றும் பதினோரு மின்தூக்கிகளில் ஒன்றுகூட வேலை முடிந்து ஒப்புதல் பெறவில்லை. கடைசித் தூக்கி முடிந்தது 2021 டிசம்பரில். ஆயுதம் ஏற்ற முடியாத போர்க்கப்பல் “வந்துவிட்டது” என்று பதிவாகியிருந்தது.

இதன் வேர் 2002இல் இருக்கிறது. புதிய தொழில்நுட்பங்களை மூன்று கப்பலில் படிப்படியாகக் கொண்டுவருவதாக இருந்த திட்டத்தை மாற்றி, விமானத்தை ஏவும் மின்காந்தக் கருவி, இறங்கும் விமானத்தை நிறுத்தும் புதிய தடுப்புக் கம்பி, புதிய ரேடார், புதிய தூக்கி எல்லாவற்றையும் முதல் கப்பலிலேயே வைப்பதாக முடிவெடுத்தார்கள். அந்த முடிவை எடுத்த அன்றே செலவும் தேதியும் முடிவாகிவிட்டன. நான்காண்டு கழித்து வந்த உச்சவரம்பு அதை மாற்றியிருக்க முடியாது.

4 டிசம்பர்

தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை, செலவே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. நன்-மெக்கர்டியும் தேதியைக் கணக்கில் எடுப்பதில்லை. பேஸ்லைன் ஆவணத்தில் தேதிக்கு இரண்டு எண் இருக்கும்: விரும்பும் தேதி ஒன்று, அதற்கு ஆறு மாதம் தள்ளி கடைசிக் கெடு. செலவுக்கு அதே போல 10% இடைவெளி. பத்து ஆண்டு ஓடும் திட்டத்துக்கு ஆறு மாத இடைவெளி போதும் என்று நினைப்பவர் ஷெட்யூல் போட்டுப் பார்த்தவராக இருக்க முடியாது.

எஃப்-35இல் ஆரம்ப இலக்கு: கடற்படைக் காலாட்படைக்கு 2010, விமானப்படைக்கு 2011, கடற்படைக்கு 2012. எதுவும் நடக்கவில்லை. 2001இல் 23,300 கோடி டாலர் என்றிருந்த மதிப்பீடு, விமான எண்ணிக்கை நானூறுக்கு மேல் குறைந்த பிறகும், 2012இல் 39,600 கோடி அளவுக்குப் போனது. அப்போது புதிய பேஸ்லைன் வைத்தார்கள். 2013இல் மூன்று படைகளும் ஒரே தேதிக்குப் பதிலாக ஆரம்பமும் முடிவும் உள்ள கால இடைவெளிகளை அறிவித்தன. அந்த மூன்றும் நிறைவேறின: 2015 ஜூலை, 2016 ஆகஸ்ட், 2019 பிப்ரவரி. அதே விமானம், அதே நிறுவனம். இடையில் பன்னிரண்டு ஆண்டு அறிவு சேர்ந்திருந்தது. எப்போது இலக்கு வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

4 டிசம்பர், மறுபடி

மேலே எழுதியதை யோசித்துப் பார்த்தால் ஒரு உறுத்தல். 2015 ஜூலையில் கடற்படைக் காலாட்படை “தயார்” என்று அறிவித்தது முழுத்திறன் மென்பொருளோடு இல்லை, இடைக்கால மென்பொருளோடு. பென்டகனின் சோதனைப் பிரிவே அப்போது குறை சொன்னது. தேதி நின்றது உண்மை, உள்ளடக்கம் குறைந்ததும் உண்மை.

ஆனால் அதை நான் குற்றமாகச் சொல்லத் தயாரில்லை. நீர்மூழ்கியிலிருந்து ஏவும் பொலாரிஸ் ஏவுகணையைப் பாருங்கள். ஸ்புட்னிக் பறந்த பிறகு தேதியை 1960க்கு இழுத்தார்கள். புதிய நீர்மூழ்கி கட்ட நேரமில்லை என்பதால் கட்டிக்கொண்டிருந்த வேறொரு தாக்கு நீர்மூழ்கியை வெட்டி நடுவில் ஏவுகணைப் பகுதியைச் செருகினார்கள், அதுதான் ஜார்ஜ் வாஷிங்டன். 1,500 கடல் மைல் என்று கேட்ட தூரத்தை முதல் ரகத்தில் 1,200க்கு விட்டுக்கொடுத்தார்கள், அடுத்த ரகத்தில் எட்டினார்கள். 1960 ஜூலை 20 அன்று நீருக்கடியிலிருந்து ஏவியாயிற்று. தேதிதான் ராஜா என்று முதலிலேயே முடிவு செய்திருந்ததால் எதை விடுவது என்பதில் சண்டை இல்லை. ஃபோர்டில் மின்தூக்கியை விட்டது யார் முடிவு? எவரும் முடிவு செய்யவில்லை, அது தானாக நழுவியது. எனக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் முழு விஷயமும்.

5 டிசம்பர்

கான்ஸ்டலேஷன் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. இத்தாலியக் கப்பல் ஒன்றின் டிசைனை எடுத்தால் ஆபத்து குறையும், விலையும் தேதியும் நிற்கும் என்பதே யோசனை. 2020இல் ஒப்பந்தம், 2026இல் முதல் கப்பல். பிறகு அமெரிக்கத் தரத்துக்கேற்ப மாற்றி மாற்றி, மூல டிசைனோடு 85% ஒற்றுமை என்றிருந்தது 15%க்கும் கீழே போனது. இலக்கு மட்டும் மாறவில்லை, பழைய டிசைனுக்கு வைத்த அதே இலக்கு. டிசைன் முடியாமலே 2022 ஆகஸ்டில் கட்டத் தொடங்கினார்கள். முதல் கப்பல் 2029 என்றானது.

தணிக்கை அலுவலகம் 2024இல் சொன்ன ஒரு விவரம் என்னைத் தூங்கவிடவில்லை: டிசைன் எவ்வளவு முடிந்தது என்பதை ஆவணங்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டார்கள், அவற்றின் தரத்தை வைத்து இல்லை. இந்த அளவுகோலை நான் வேலை பார்த்த இடங்களிலும் பார்த்திருக்கிறேன். வரைபடம் வந்துவிட்டது என்று டிக் போடுவார்கள், அதன் மேல் நாற்பது கேள்விகள் பதில் இல்லாமல் கிடக்கும்.

6 டிசம்பர்

வர்ஜீனியாவை ரொம்பப் புகழ்ந்துவிட்டீர்கள், இன்று ஆண்டுக்கு இரண்டு எங்கே வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வாங்குவது இரண்டு, வந்து சேர்வது ஆண்டுக்குச் சுமார் 1.2. பெருந்தொற்றுக் காலத்தில் அனுபவமுள்ள தொழிலாளிகள் வெளியேறியது, உதிரிப் பாகம் தருபவர்கள் குறைந்தது, கொலம்பியா ரக நீர்மூழ்கிக்கு அதே பட்டறையில் முன்னுரிமை என்று பல காரணம். அந்தக் கொலம்பியாவின் முதல் கப்பலே ஓராண்டுக்கு மேல் தாமதம். இலக்கு ஒரு டிசைனைக் கட்டுப்படுத்தலாம், வெல்டர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைக் கட்டுப்படுத்தாது. பேஸ்லைன் ஆவணத்தில் பட்டறையின் ஆள்பலம் ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை, இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

6 டிசம்பர், இரவு

உண்மை எண்ணைச் சொல்பவர் கதி என்ன என்று கேட்டதால்: ஏர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். விமானப்படையில் செலவு ஆய்வு அதிகாரி. 1968 நவம்பரில் செனட்டர் ப்ராக்ஸ்மயர் குழுவின் முன் சி-5ஏ செலவு 200 கோடி ஏறும் என்பதை மறைக்காமல் ஒத்துக்கொண்டார். அவர் பதவியே “நீக்கப்பட்டது”. மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி உத்தரவு வந்தது 1973இல். எஸ்டிமேட் போடும் மேசையில் இருப்பவர் எவரும் இந்தக் கதையை மறக்கக்கூடாது, மேசைக்கு மேலே இருப்பவர்களும்.

8 டிசம்பர்

கடைசியாக வந்த கேள்வி: எண் எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும்? 2006இல் ஒரு ஆய்வுக்குழு, வைத்த தொகைக்குள் முடிய 80% வாய்ப்பு இருக்கும்படி திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னது. 2009 சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, 80%க்குக் கீழே போனால் ஏன் என்று எழுதச் சொன்னது. எனக்கு 80 பிடிக்கும், ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் 80 வைத்தால் பாதித் திட்டங்களுக்குப் பணம் இருக்காது. அப்படிப் பாதித் திட்டங்கள் தொடங்காமல் போவது நல்லதென்றுதான் நினைக்கிறேன், இங்கே பலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

பி-21 குண்டுவீச்சு விமானத்தில் ராபர்ட் கேட்ஸ் செயலராக இருந்தபோது, 2010 டாலர் மதிப்பில் ஒன்றுக்கு 55 கோடி என்பதைச் செயல்திறன் நிபந்தனைகளோடு சேர்த்தே வைத்தார்கள். விலை தாண்டினால் தூரமோ சுமையோ குறைந்ததற்குச் சமம். 2015இல் ஒப்பந்தம் கொடுத்தபோது தனி மதிப்பீடு 51.1 கோடி. 2023 நவம்பரில் பறந்தது. அதைக் கட்டும் நார்த்ராப் நிறுவனம் முதல் உற்பத்தித் தொகுதிகளில் 156 கோடி டாலர் நட்டத்தைப் பதிவு செய்தது, ஆகவே விலை நின்றதற்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் எந்த எண் எந்த நிபந்தனையோடு மோதும் என்று முதல் நாளே எழுதியிருந்தது.

சென்டினலுக்குப் புதிய பேஸ்லைன் இன்னும் வரவில்லை. வரும்போது மொத்தத் தொகையை அப்புறம் பார்ப்பேன். ஏவுகுழிகளின் டிசைன் எவ்வளவு முடிந்திருக்கிறது, எதை வைத்து அளந்தார்கள், பணம் போதாவிட்டால் எதை முதலில் விடுவார்கள் என்ற பக்கம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடப்போகிறேன்.